மனசு நோயைச் சொல்ல ஒரு வாய், கேட்க ஒரு காது



காசநோய், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு என்று உடம்பு நோய்களைப் பற்றி இந்தப் பகுதியில் அடிக்கடி பேசுகிறோம். இன்றைக்கு மனசு நோய். "நம்ம வீட்டுல யாருக்கும் பைத்தியம் இல்லையே, இது நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பைத்தியம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பத்து நோயைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆகியும் தூக்கமில்லாமல், பால் கொடுக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்து அழுகிறவளும் அதற்குள்தான். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லும் வாலிபனும் அதற்குள்தான். இருபது வருஷம் சம்சு குடித்துக் கை நடுங்குகிறவரும் அதற்குள்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு, குணமாகும் காலமும் வேறு.

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு ஓர் ஊர்ப்பெயர் ஏச்சுப் பேச்சாகவே தெரியும். பையன் தனியாகச் சிரித்தால், கிழவி புலம்பினால், "இதை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்போம். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் 1911-ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தது. மலாயாவின் பல பாகங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தோட்டத்து ஆட்களும் அங்கே போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. இப்போது அதன் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றினார்கள், வைத்தியமும் மாறிவிட்டது. நம் வாயில் இருக்கும் ஏச்சு மட்டும் மாறவில்லை.

நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றி அல்ல. அதற்குள் உட்கார்ந்து நம்மைக் கேள்வி கேட்கிறவரைப் பற்றி. அவர் யார், எங்கே படித்தார், நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா, அப்படிப் புரிந்தவரை உண்டாக்க ஏதாவது சட்டம் இருக்கிறதா என்பதைப் பற்றி.

சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்க விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். காசநோய்க்கு எக்ஸ்ரேயும் சளியும் போதும். நோயாளி வாயே திறக்காவிட்டாலும் நோய் தெரிந்துவிடும். மனசு நோய் அப்படியில்லை. தைராய்டு போன்ற வேறு கோளாறு இல்லையென்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சுத்தான். என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதைச் சொல்லும்போது கண் தரையைப் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் வைத்தியர் முடிவு செய்கிறார். மற்ற வைத்தியர்களுக்கு எக்ஸ்ரே எப்படியோ, மனநல வைத்தியருக்கு மொழி அப்படி. எக்ஸ்ரே படம் மங்கலாக இருந்தால் தப்பான இடத்தில் கத்தி படும் அல்லவா?

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடம் இல்லை.

1983-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் சின்னம்மாவும் சின்னய்யாவும் ஒரே வெளிக்காட்டில் பால் வெட்டினார்கள். டிராக்டர் கவிழ்ந்து சின்னய்யா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சின்னம்மா வேலைக்குத் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். சாப்பாடு விட்டது, தூக்கம் விட்டது, தலை சீவுவது விட்டது. விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து போவார், ஆனால் நிரையின் நடுவே மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மங்கில் பால் நிறைந்து வழிந்தாலும் எடுக்க மாட்டார். முனியாண்டிக்குப் பொங்கல் வைத்தார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்தவன் பதின்மூன்று வயது நான் ஒருவன்தான். நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

டாக்டர் நல்ல மனுஷர். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். "நெஞ்சில கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குன்னு சொல்லு" என்றார் சின்னம்மா. நெஞ்சு வலிக்கிறதாம் என்று நான் சொன்னேன். இருதயத்தைப் பரிசோதித்தார்கள். "உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது" என்றார். காய்ச்சல் என்றேன். பிறகு சின்னம்மா என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: "ஸ்டோருப் பக்கம் போகவே பயமாயிருக்கு. என் கைய நானே நம்பல." தோட்டத்து ஸ்டோர் என்றால் உங்களுக்குத் தெரியும், புல்லுக்கு அடிக்கும் மருந்து டின்களை அங்கேதான் வைத்திருப்பார்கள். எனக்கு அது எட்டவில்லை. "தாக்குட் பெர்கி ஸ்டோர்" என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, பேய் இருக்கிறதா என்று கேட்டார். நானும் சிரித்தேன். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஐந்து மாதம் இப்படியே அலைந்தோம். ஆறாவது மாதம் வேறோர் இடத்தில், ஊசி போட வந்த தமிழ் நர்ஸ் ஒருவர் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி தூங்கறீங்களாக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு சின்னம்மா முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அது மனச்சோர்வு நோய் என்று தெரிந்தது. அதற்கு மாத்திரை இருக்கிறது, மூன்று நான்கு வாரம் விடாமல் சாப்பிட்டால்தான் பலன் தெரியும், குணமானது போலத் தோன்றினாலும் உடனே நிறுத்தக்கூடாது என்றெல்லாம் அந்த நர்ஸ் விளக்கினார். சின்னம்மா பிழைத்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் மரம் வெட்டினார்.

ஐந்து மாதத்தில் அவர் ஸ்டோருக்குப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைப்பேன்.

இந்தக் கதையில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பையனை நடுவில் நிறுத்தினால் இதுதான் நடக்கும். இன்னொன்றையும் பாருங்கள். தாய் தன் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைச் சொல்வாள்? புருஷன் அடிப்பதைச் சொல்வாளா, மாதவிலக்கைச் சொல்வாளா, சாகத் தோன்றுகிறது என்று சொல்வாளா? "மனசு விட்டுப் போச்சு", "வெறுத்துப் போச்சு", "தலைக்குள்ள என்னமோ ஓடுது", "வயிறெல்லாம் பத்தி எரியுது" என்று நம் ஆட்கள் சொல்வதில் பாதி உடம்பு, பாதி மனசு. எது எது என்று பிரித்துக் கேட்கத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, மனசு நோயைப் படித்தும் இருக்க வேண்டும். சும்மா தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் என்றால், அந்தப் பையனாக நானும் இருந்தேனே!

சட்டத்துக்கு வருவோம்

நம் நாட்டில் மனநோயாளிகளுக்காக ஒரு சட்டம் இருக்கிறது. பழையது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். அதை மாற்றி நாடாளுமன்றம் 2001-ல் மனநலச் சட்டத்தை இயற்றியது. 615-ஆம் எண் சட்டம் என்பார்கள். 2010 ஜூன் மாதத்தில்தான் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். நோயாளி தானாகவே போய்ச் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. தானாக வர மறுப்பவரை உறவினர் எழுத்தில் விண்ணப்பித்து, டாக்டர் ஒருவர் நேரில் பார்த்துப் பரிந்துரை எழுதினால் சேர்க்க முடியும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர் தேவை என்றால் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் மனநல நிபுணராக இருக்க வேண்டும். "தஞ்சோங் ரம்புத்தானில் தள்ளிவிட்டால் ஆயுசுக்கும் வர முடியாது" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு பயமும் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு குற்றவாளி ஆக்கியது. ஒரு வருஷம் வரை சிறை. அதனால் விஷம் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் பொய் சொல்லத் தயாராகும், பூச்சி கடித்தது என்பார்கள். 2023-ல் அந்தப் பிரிவை நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. இனி அது குற்றமில்லை. உண்மையைச் சொல்லலாம். (தோட்டத்துச் சாவுகளில் பெயர் கெட்ட பராகுவாட் களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய டின் யார் வீட்டிலாவது மிச்சமிருந்தால் எடுத்து ஒப்படைத்துவிடுங்கள்.)

615-ஆம் எண் சட்டத்தில் என் மனதைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. மனநோயாளிக்கு அறுவை சிகிச்சையோ மின்சார சிகிச்சையோ செய்வதற்கு முன் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் கொடுக்கும் நிலையில் நோயாளி இருக்கிறாரா என்று மனநல நிபுணர் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? தனக்கு என்ன நோய் என்பது அவருக்குப் புரிகிறதா, இந்தச் சிகிச்சை எதற்காக என்பது புரிகிறதா, செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்பது புரிகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டம் "புரிகிறதா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. எந்த மொழியில் புரிகிறதா? அதைச் சொல்லிக் கொடுக்கும் ஆளை யார் தயார் செய்வது? அங்கே சட்டம் மௌனம்.

கோர்ட்டு விஷயத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோழி திருடிப் பிடிபட்டவனைக் கூண்டில் ஏற்றினால், அவனுக்குத் தெரியாத மொழியில் சாட்சி சொல்லும்போது அவனுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்காகவே சம்பளம் வாங்கினார்கள், வாங்குகிறார்கள். திருடனுக்கு உள்ள இந்த உரிமை என் சின்னம்மாவுக்கு இல்லை.

மற்றச் சட்டங்களையும் புரட்டிப் பார்த்தேன். 1977-ல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம். 1998-ல் கவுன்சிலர் சட்டம்: பதிவு பெறாதவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. 2016-ல் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம்: மருத்துவ உளவியலாளரும் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் தேவைதான், போலிகளிடமிருந்து நம்மைக் காப்பாற்றும். ஆனால் இவையெல்லாம் "யார் வைத்தியம் பார்க்கக் கூடாது" என்று வேலி போடுகின்ற சட்டங்கள். சிறுபான்மை மொழி பேசும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, உதவிச் சம்பளம் கொடுத்து, மனநலப் படிப்புப் படிக்க வைத்து, திரும்ப அந்த மக்களுக்கே வேலை செய்ய அனுப்பு என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை.

அப்படியும் ஒரு சட்டம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில். அது வந்த விதம் சங்கத்து ஆட்களான நமக்குப் புதிதல்ல. 1960-களில் அங்கே கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடினார்கள். அந்தச் சூட்டில் 1968-ல் கறுப்பின உளவியலாளர்களும், 1969-ல் கறுப்பின மனநல மருத்துவர்களும் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். "எங்கள் ஜனங்களின் வாழ்க்கை தெரியாதவர்கள் எங்கள் ஜனங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள், எங்கள் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்பது அவர்கள் கேட்டதன் சாரம். 1970-களின் முற்பகுதியில் மத்திய அரசாங்கத்தின் பணத்தில் சிறுபான்மையோர் உதவிச் சம்பளத் திட்டம் தொடங்கியது. மனநல மருத்துவம், உளவியல், சமூகப் பணி, நர்ஸ் வேலை ஆகிய துறைகளில் படிக்கும் கறுப்பின, ஸ்பானிஷ் பேசும், ஆசிய, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உதவிச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்தார்கள்.

ஆனால் பல வருஷம் அது திட்டமாகவேதான் ஓடியது. 2016 டிசம்பரில், 21-ஆம் நூற்றாண்டுக் குணப்படுத்தல் சட்டம் என்ற பெரிய சட்டத்துக்குள் அந்தத் திட்டத்தையும் பெயர் சொல்லி எழுதிச் சேர்த்தார்கள். சிறுபான்மை மக்களின் பண்பாடு அறிந்து வேலை செய்யக்கூடிய மனநல ஊழியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அவர்கள் அந்த மக்களுக்கு நேரடியாகச் சேவை செய்ய வேண்டும், பிறருக்குக் கற்பிக்கவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1969-ல் சங்கம், 2016-ல் சட்டம். கணக்குப் போட்டால் 47 வருஷம். சட்டம் வந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு பணம் ஒதுக்க வேண்டும், ஆட்சி மாறினால் மனசும் மாறும், அது வேறு போராட்டம். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

ஊர்ப் பக்கமும் பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை உங்களில் பலருக்குத் தெரியும், இங்கிருந்தே நேர்ந்துகொண்டு போனவர்கள் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். கட்டிப் போட்டவர்களைத் திட்டுவது சுலபம். பக்கத்து ஊரில் படித்த வைத்தியர் இருந்திருந்தால் எத்தனை குடும்பம் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று கேளுங்கள். இந்தியா 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றியபோது, அதன் 31-வது பிரிவில், பயிற்சித் திட்டங்களை அரசாங்கமே வகுக்க வேண்டும் என்றும், ஜனத்தொகைக்குத் தக்க அளவு மனநல ஊழியர் என்ற உலக வழிகாட்டியைப் பத்து வருஷத்துக்குள் எட்ட முயல வேண்டும் என்றும் எழுதினார்கள். சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. கெடு 2028. எட்டுவார்களோ மாட்டார்களோ, கெடு என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே அது கூட இல்லை.

சட்டத்துக்காகக் காத்திராமல் செய்தவர்களும் உண்டு. போர் நடந்த யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் தமிழிலேயே கையேடு எழுதி, ஆசிரியர்களையும் கிராமத்து ஊழியர்களையும் பழக்கினார்கள். தமிழில் மனசு நோயைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் அந்த ஊரைக் காட்டலாம்.

நம் டிரஸர் கதை

எங்கேயோ அமெரிக்காவையும் இந்தியாவையும் சொல்கிறீர்களே, நம் தோட்டத்தில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறதே! டிரஸரை மறந்துவிட்டீர்களா?

கிராணி, கங்காணி, துரை எல்லாரும் மாறி மாறி வருவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் இருப்பார். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஒரே மிக்ஸ்சரைக் கலக்கிக் கொடுக்கிறார் என்று நாம் கேலி செய்ததும் உண்டு. ஆனால் அவர் பெரும்பாலும் தமிழரோ மலையாளியோ, நாம் பேசுவது புரியும். லயத்தில் எந்த வீட்டில் சண்டை, யார் கள்ளுக்கடையே கதி என்று கிடக்கிறார், எந்தப் பெண் முகம் வாடி நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கால்நடைத் தூரத்தில் இருந்தார். யாரோ ஒருவரைப் பிடித்து வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார வைக்காமல், பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவரே அந்த வேலையில் இருக்க வேண்டும் என்று 1965-ல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இன்று 435-ஆம் எண் சட்டமாக இருக்கிறது. தோட்டத்து ஜனங்களுக்கென்றே, தோட்டத்து வைத்திய ஊழியரை மனதில் வைத்து, இந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. ஆக, முன்மாதிரி நம் லயத்து வாசலிலேயே இருந்தது.

அதில் மனசு நோய்க்கு இடமில்லை என்பது ஒரு குறை. இன்னொரு குறை, ஜனங்கள் தோட்டத்தை விட்டுப் போனபோது அந்த ஆள் கூட வரவில்லை. பால்மரம் போய் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, துண்டு போட்டு விற்றார்கள், வீட்டு மனையானது. ஜனம் ஈப்போ, பத்து காஜா, கம்பார் பக்கத்து மலிவு வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் போய்ச் சேர்ந்தது. நாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் முன்னாள் பால்மரத் தொழிலாளிகளைப் போய்ப் பாருங்கள். லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பேசியதுதான் அவர்களுக்கு வைத்தியமாக இருந்தது, அதுவும் போயிற்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? தமிழருக்கு மட்டும் என்று கேட்டால் அது நியாயமாகாது. இதே பேராக்கில் செமாய், தெமியார் மொழி பேசும் ஒராங் அஸ்லி மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு நம்மைவிட மோசம். இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் நம்மோடு வேலை செய்கிற வங்காளதேசத்துத் தம்பிக்கும் ராத்திரியில் தூக்கம் வராது, அவன் யாரிடம் சொல்வான்? எனவே, எந்த மொழியில் நோயாளி பேசுகிறாரோ அந்த மொழி தெரிந்த ஊழியர்களைத் தயார் செய்வது அரசாங்கத்தின் கடமை என்று சட்டத்தில் ஒரு பிரிவு. அந்தப் பிள்ளைகளுக்கு உதவிச் சம்பளம், படித்து முடித்ததும் சில வருஷம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்யும் ஒப்பந்தம். மனநல வார்டிலும் கிளினிக்கிலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், பிள்ளைகளை அந்த வேலைக்கு நிறுத்தக்கூடாது என்ற விதி. இப்போதைக்கு இவ்வளவு போதும். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காடு இடம் என்று இருக்கும்போது இதைக் கேட்பது லேசு இல்லை என்பது தெரியும். ஆனால் இது நம் பிள்ளைக்குச் சலுகை கேட்பது அல்ல, நோயாளிக்கு வைத்தியம் கேட்பது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் நியாயமுள்ள எவரும் காது கொடுப்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டாக்டர், இல்லாவிட்டால் வக்கீல் என்று இரண்டே கனவு. மனநல வேலைக்கு வேறு வாசல்களும் உண்டு. மனநல மருத்துவர் ஆக மருத்துவப் பட்டம் வாங்கி, பிறகு நாலு வருஷம் மேற்படிப்பும் வேண்டும், நீண்ட பாதைதான். ஆனால் நர்ஸ் ஆகி, பிறகு மனநல நர்சிங் மேல்பயிற்சி எடுக்கலாம். மருத்துவ உதவி அதிகாரி ஆக மூன்று வருஷ டிப்ளோமா, அதற்கான கல்லூரி ஒன்று தஞ்சோங் ரம்புத்தானில், பஹாகியா ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் மலாய், கணக்கு, அறிவியல் பாடங்களைக் கோட்டை விடாமல் இருக்க வேண்டும். கவுன்சிலர் ஆக வேண்டுமானால் ஆலோசனைத் துறைப் பட்டம் வாங்கிக் கவுன்சிலர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: "ஆறு மாதத்தில் கவுன்சிலர்" என்று விளம்பரம் போடும் இடங்களில் இ.பி.எப். பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு நிற்காதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து வாரியத்தில் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். இன்றைக்கு வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, வேலையில் நாட்டம் எல்லாம் விட்டுப் போயிருந்தால் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எடுத்தவுடன் தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டும் என்பதில்லை, கிளினிக்கிலேயே பார்ப்பார்கள், தேவையென்றால் அங்கிருந்து எழுதிக் கொடுப்பார்கள். துணைக்குப் பெரியவர் ஒருவர் போங்கள், நோயாளிக்குப் பிடித்தவராக இருக்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளை வேண்டாம். தமிழ் தெரிந்த நர்சோ டாக்டரோ இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மொழிபெயர்க்க நேர்ந்தால் நோயாளி சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சுருக்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். அர்த்தம் விளங்காவிட்டால், "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று அவரையே திரும்பக் கேளுங்கள். சாக வேண்டும் போலத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் வெளியே வரும். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், கையெட்டும் தூரத்தில் உள்ள விஷ மருந்தை அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று அங்கேயும் கேளுங்கள். அப்படிக் கேட்டு என்ன பதில் கிடைத்தது, எந்தத் தேதி, எந்த கிளினிக் என்று ஒரு தாளில் குறித்து, நோயாளியின் பெயரை எழுதாமல் உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அமைச்சுக்கு மனு எழுதும்போது அந்தத் தாள்கள்தான் நமக்குச் சாட்சி.